மலையம்மாளிடம் வேலை பார்த்த பெண்

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை பெரிய வீடுகளின் ஒயரிங்கில் பாதியாவது மலையம்மாள் கைபட்டதாக இருக்கும். நாற்பத்தெட்டு வயது. சேலைக்கு மேலே ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர், ஏணியைத் தூக்கிவர ஒரு மினி வேன், அதற்கு முன்னால் போகத் தன்னுடைய மொபெட். ஊரில் எல்லோருக்கும் அவர் மலையக்கா.

பதினெட்டு வயதில் கூலிக்கு வந்தவர். குழாய் பதிக்கச் சுவரைக் கொத்துவது பெண் வேலை, கொத்திய இடத்தில் ஒயர் இழுப்பது ஆண் வேலை என்று எந்தப் புண்ணியவான் பிரித்து வைத்தானோ தெரியாது. கையில் கொப்புளம் வருவது ஒருத்திக்கு, கூலி இரண்டு மடங்கு வருவது இன்னொருத்தனுக்கு. மேஸ்திரி டீக்குடிக்கப் போகிற நேரத்தில் இவர் ஒயரை இழுத்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, பன்னிரண்டு வருஷம் கழித்து லைசென்ஸும் எடுத்தார். அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் இரண்டு பேர் பிற்பாடு அவரிடமே சம்பளத்துக்கு இருந்தார்கள். ஹோட்டலாக மாறிவிட்ட வீடுகளுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஏணிமேல் நிற்கும் அவரைப் போட்டோ எடுத்துப் போவார்கள்.

நான் பிளஸ் டூ பெண்களுக்கு இயற்பியல் எடுக்கிறவள். ஊக்கம் கொடுப்பது எனக்கு ஒரு வியாதி மாதிரி. வருஷத்துக்கு ஒரு நாள் மைக்கைப் பிடித்து, ஆண்கள் செய்யும் எந்த வேலையும் உங்களால் முடியும் என்று முழங்குவேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவேன். மைக்கில் பேசுகிறவளுக்கு ஷாக் அடிப்பதில்லை.

அந்தப் பேச்சை நிஜமாகவே எடுத்துக்கொண்டவள் நாகஜோதி. நாச்சியாபுரம் பெண். எங்கள் லேபில் இரண்டு வருஷமாகச் சுற்றாமல் கிடந்த ஃபேனை அரை மணி நேரத்தில் ஓட விட்டவள். ஐடிஐ படித்து எலக்ட்ரீஷியன் சர்டிபிகேட்டும் வாங்கினாள். ஆனால் வேலைக்கு அனுப்ப அவள் அப்பா மருது சம்மதிக்கவில்லை. "ஆம்பளைக கூட்டத்துல எம்மக ஏணி ஏறக் கூடாது டீச்சர். பொம்பளை யாராச்சும் மேல இருந்து பாத்துக்கிட்டா, அனுப்புறேன்" என்றார். அதற்கென்ன, மலையக்கா இருக்கிறார்களே என்று நம்பரை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

ஒரு வாரத்தில் நாகஜோதி பால்கோவாவோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "சேத்துக்கிட்டாக டீச்சர்!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷப் பேச்சில் அவளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன்.

பதினோரு மாதம் கழித்து, வலையபட்டியில் வருஷமெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில், மின்சாரம் பாய்ந்து அவள் செத்துப்போனாள். இருபத்தொரு வயது.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு, உள்ளே எட்டுப் பங்கு. ஒவ்வொரு பங்காளிக்கும் தனி அறை, தனிச் சாவி. சிலர் மீட்டரும் தனியாக வைத்துக்கொண்டு, தங்கள் அறைக்குத் தாங்களே ஒயர் இழுத்திருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். யாருடைய ஒயர் யாருடைய சுவருக்குள் ஓடுகிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்தவர்கள் ஃபேன் ரிப்பேருக்கு நாகஜோதியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் முகப்பில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். விளக்கெல்லாம் அணைந்தது. வீடே அணைந்துவிட்டது என்று நம்பிக் கூரைக்கு அடியில் ஒயர்கள் சேரும் பெட்டியைத் திறந்து, அங்கே வந்த ஒயரில் டெஸ்டரை வைத்தும் பார்த்தாள். மின்சாரம் இல்லை. அதே பெட்டிக்குள் இன்னொரு பங்காளியின் தனி மீட்டர் ஒயரும் வந்துகொண்டிருந்தது.

அவள் வீட்டார் ஆள் அனுப்பி, மலையம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நாகஜோதியின் அம்மா பஞ்சவர்ணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கள நம்பித்தானக்கா அனுப்புனேன்" என்று அலறினாள். போலீஸ்காரர் நோட்டை எடுத்து, "ஒங்க ஆளா?" என்று கேட்டார். மலையம்மாள் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். அப்புறம் போலீஸ்காரரைப் பார்த்து, "எங்க ஆளுதான்" என்றார்.

கேஸ் போட்டார்கள். வாய்தாவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பல வீடுகள் கூப்பிடுவதை நிறுத்தின. பிள்ளையைத் தனியாக அனுப்பிக் கொன்றவள் என்று கடைவீதியில் அவர் காதுபடவே சொன்னார்கள். நானும் வாயால் சொல்லவில்லையே தவிர, மனசுக்குள் அதைத்தான் சொன்னேன். ஒன்றரை வருஷம் அவரோடு பேசவில்லை.

நாகஜோதி செத்த பிறகு அவரிடம் வேலைக்குச் சேர்ந்த மாயக்கண்ணன் ஒருநாள் என்னைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினான். "டீச்சர், அக்காவுக்கு என்னமோ ஆயிப்போச்சு. வேல பாக்குற வீட்டுல யாரோடயோ பேசுறாக. ஏணியப் பிடிச்சுக்க தாயின்னு சொல்றாக. கீழ பாத்தா ஆளே இல்ல. ஆனா ஒண்ணு டீச்சர், ஏணி ஆடவும் மாட்டேங்குது" என்றான். போடா என்று திட்டி அனுப்பினேன். பேய் பிசாசு எல்லாம் எனக்கு ஆகாது.

போன சித்திரையில், சாலா என்று இன்னொரு மாணவி ஐடிஐ முடித்துவிட்டு வந்து நின்றாள். இவள் வீட்டிலும் அதே பேச்சு, பெண்ணிடம் என்றால்தான் அனுப்புவோம். மலையம்மாள் பெயரை எடுத்ததும் அவள் அம்மா, "மருது மகளக் காவு வாங்குன எடத்துக்கா?" என்று கதவைச் சாத்தாத குறை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஆட்டோ பிடித்து, கானாடுகாத்தானில் மலையம்மாள் வேலை பார்த்த வீட்டுக்கே போனேன்.

உச்சி வெயில். வெளியில் மாயக்கண்ணன் வேனில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே ஒரே புறா எச்ச நாற்றம். இரண்டாம் கட்டிலிருந்து மலையம்மாளின் குரல் கேட்டது, பொறுமையாக, பாடம் சொல்வதுபோல. "இங்க ஒரு மெயின் இல்ல தாயி. பங்காளிக்கு ஒண்ணு. அம்புட்டையும் தேடி எறக்கிட்டுத்தான் ஏணியில கால வைக்கணும். சொல்லு பாப்போம்." யாரோ புதுப் பெண்ணைச் சேர்த்துவிட்டார் என்று எனக்கு நெஞ்சு துள்ளியது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். ஏணிமேல் மலையம்மாள். கீழே யாரும் இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல மாட்டேன், திரும்பி ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். பயத்தை மறைக்க நான் சத்தம் போட்டேன். "இதையெல்லாம் அவ உசுரோட இருந்தப்பச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதான் டீச்சர் சொல்லல" என்றார். "அவ எங்கிட்ட ஒரு நாளுகூட வேல பாக்கல."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். நாகஜோதி வந்து கேட்டாள். ஆள் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவையும் வந்தாள். அப்போதும் அனுப்பிவிட்டார்.

"ஏன்?"

"பொம்பளை எலக்ட்ரீஷியன்னா இந்தப் பக்கம் நான் ஒருத்திதான். போட்டோ எடுக்குறாக, பேப்பர்ல போடுறாக. இன்னொருத்தி வந்தா நான் பத்தோட பதினொண்ணு. அம்புட்டுத்தான் டீச்சர் காரணம். வேற ஒண்ணும் இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொம்பளைகிட்டன்னாத்தான விடுவேன்னாரு அவ அப்பன். அதான் எங்கிட்ட வேலைன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு, தானா ஊரூரா வேல தேடிப் போயிருக்கா. ஆஸ்பத்திரியில அந்தம்மா கையப் பிடிச்சப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. எங்க ஆளு இல்லன்னு எப்படிச் சொல்றது? ஒரு வார்த்த டீச்சர். பங்காளிக்கு ஒரு மெயின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்திருப்பா. இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் வந்து நிக்கிறா. நெதமும் சொல்லிக் குடுக்குறேன்."

பால்கோவாவை நீட்டிய நாகஜோதியின் முகம் ஞாபகம் வந்தது. என்னிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு பெரிய பேச்சுப் பேசியவளிடம், என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை டீச்சர் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும். நான் பிறகு ஒரு தடவையாவது மலையம்மாளுக்குப் போன் போட்டு, பிள்ளை எப்படி வேலை பார்க்கிறாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேச்சோடு என் கடமை முடிந்தது.

ஆனாலும் சாலா இருக்கிறாளே. "நீங்க பழியச் சுமந்துக்கிட்டு இருந்தா இனி ஒரு பொண்ணும் ஒங்கள நம்பி வர மாட்டா. அவ ஒங்ககிட்ட இருந்ததால சாகல, ஒங்ககிட்ட இல்லாததாலதான் செத்தா. அதச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா அந்தம்மாவுக்கு மக பொய்க்காரியாயிருவாளே டீச்சர்."

நான் வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன். பதினைந்து நாள் கழித்து அவரே போன் செய்து, துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். நாச்சியாபுரத்துக்குப் போனோம்.

மருது வயலுக்குப் போயிருந்தார். பஞ்சவர்ணம் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த ஆவேசம் இல்லை. மகளோடு பழகிய ஆளைப் பார்த்ததில் அவளுக்கு ஏதோ ஓர் ஆறுதல். "அன்னைக்கு என்னமோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீக. தெனமும் வந்து ஒங்க பேச்சுத்தான். வெயில்ல ஓட்டு மேல ஏற விட மாட்டீகளாம். அவ கொண்டாந்த புளிச்சோறு ஒங்களுக்குப் பிடிக்கும்னு ரெண்டு கரண்டி கூட வைக்கச் சொல்லுவா. ஒங்க கொழம்ப அவளுக்கு ஊத்துவீகளாமே" என்றாள்.

மலையம்மாள் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். சொல்ல வேண்டாம், எழுந்துவிடலாம் என்று நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"நான் அவளச் சேத்துக்கல பஞ்சவர்ணம். ரெண்டு தடவ வந்து கேட்டா. வேல இல்லன்னு வெரட்டிட்டேன். எங்கிட்ட அவ ஒரு நாளும் வேல பாக்கல."

அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். மலையம்மாளும் அதற்குத்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சவர்ணம் மோர் டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பதினோரு மாசமும் மத்தியானத்துல எம்மக யாரோட ஒக்காந்து சாப்பிட்டா?"