சிவப்பு ரப்பர்

ஆட்டையாம்பட்டியில் அன்வர் பாட்சா நாற்பது வருடமாகக் கோலி சோடா நிரப்புகிறார். பழைய பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தால் அதன் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடுவார். பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால், வாயைத் தனியாக ஒட்டிய காலத்துப் பாட்டில். விளிம்பு வரை போனால் அதற்குப் பிந்தியது. கழுத்திலிருக்கும் இரண்டு குழிகள், ஊற்றும்போது கோலியைப் பிடித்து நிறுத்த. வயிற்றில் உடையவர் அடையாளம் புடைத்து நிற்கும். அன்வர் பாட்சாவுக்குப் பிறை, பக்கத்துத் தெருத் தனபாலுக்கு மீன்.

கடைகளில் பாட்டில்கள் கலந்துவிடும். புதன்கிழமை இருவரும் பெட்டிகளை மாற்றிக்கொள்வார்கள். நடுவில் ஆர்டர் நெருக்கினால் கையிலிருக்கும் மீனைப் பிறைக்காரர் நிரப்புவார், பிறையை மீன்காரர். நிரப்புமுன் விரிசல் இருக்கிறதா என்று தன் பாட்டிலை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை பார்க்கும் அன்வர் பாட்சா, மீனைத் தட்டமாட்டார். அடுத்தவர் பாட்டிலைத் தட்டுவதும், மாற்றிக்கொள்ளும்போது அவர் எதிரிலேயே தட்டுவதும் அவரை நம்பாததற்குச் சமம் என்பது அவர்களுக்குள் இருந்த மரியாதை.

விடுமுறையில் வரும்போதெல்லாம் பாட்டில் வெடித்துவிடுமோ என்று நான் அவருடைய பட்டறை வாசலோடு நின்றுவிடுவேன். "கடல் தாண்டிப் பிளேன்ல போறவரு, சோடாவுக்கு நடுங்கறீங்களே சாமி!" என்று சிரிப்பார்.

போன வைகாசியில் அந்தச் சிரிப்பு நின்றது. பெட்டிக்கடைச் சின்னுசாமி கையில் பாட்டில் வெடித்து, கண்ணாடிச் சில் வலது கண்ணில் ஏறியது. செய்தி கேட்டு அன்வர் பாட்சாவோடு நானும் போனேன். சில்லுகளை ஒரு தட்டில் வைத்திருந்தார் சின்னுசாமியின் மகள் மைதிலி. எதிரே தனபால், வியர்த்துப்போய்.

"மீன் போட்டிருக்குதுங்க பாய். இவரு சரக்குதானுங்க" என்றார் மைதிலி.

"பாட்டில் என்னுதுதானுங்க. நான் ரொப்புனதான்னு எனக்கே தெரியலீங்களே" என்றார் தனபால்.

"கேட்டா அப்படித்தான் சொல்லுவீங்க. இனி எங்க தெருவுல ஒரு கடைக்கும் உங்க வண்டி வரக்கூடாதுங்க."

அன்வர் பாட்சா தட்டிலிருந்து பாட்டிலின் கழுத்துச் சில்லை எடுத்தார். வாயின் உட்பக்கப் பள்ளத்தில் கோலி அழுந்தும் ரப்பர் வளையம், நிரப்புகிறவர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது, இன்னும் இருந்தது. சிவப்பு. தனபால் போடுவது கறுப்பு. அதைப் பார்க்க வேண்டுமென்று அங்கே வேறு யாருக்கும் தோன்றவில்லை. சில்லை மூடிய அவர் விரல்கள் சற்று நேரம் திறக்கவில்லை. சொல்லாமலே தட்டில் திரும்ப வைத்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, பாட்டில்தான் தனபாலோடது. ரப்பர் என்னோடது. ரொப்புனவன் நான்."

மைதிலி அவரையே பார்த்தார். "தட்டிப் பாக்கலீங்களா பாய்?"

"பாக்கலைம்மா. கல்யாண ஆர்டர் நெருக்குச்சு. மீனுதானேன்னு விட்டுட்டேன்."

சின்னுசாமிக்கு அந்தக் கண் திரும்பவில்லை. சேலம் ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் அவரை அன்வர் பாட்சாதான் கூட்டிப்போனார்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் புதன்கிழமை. மீன் பெட்டிகளைத் தனபால் வீட்டு வாசலில் இறக்கினார் அன்வர் பாட்சா. தனபால் ஒரு பாட்டிலை எடுத்தார், தயங்கினார், வைத்தார்.

"தட்டு தனபாலு" என்றார் அன்வர் பாட்சா.

தனபால் தட்டினார். கடைசிப் பாட்டில் வரைக்கும் அன்வர் பாட்சா அங்கேயே நின்றார். பிறகு பிறைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, தானும் தட்ட ஆரம்பித்தார்.