காற்றுக்கு மனு போட்ட டெபோரா

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்து கடல் பக்கம் இறங்கும் தெருவின் முனையில், டெபோரா சாயங்காலம் தோறும் வறுத்த மீன் கடை போடுவாள். தள்ளுவண்டி, பெரிய தோசைக்கல், மசாலா தடவிய சங்கரா, நெத்திலி. அவள் கைமணத்துக்காக ராயபுரத்தில் இருந்துகூட ஆட்கள் பைக்கில் வருவார்கள்.

சில நாட்களில் பக்கத்து ஆலையில் இருந்து கண் எரிய வைக்கும் நெடி கிளம்பும். தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். வெளியில் இருந்து சாப்பிட வருபவர்களுக்கு விஷயம் தெரியாது. அப்படி ஒரு நாள் ஒருவர் தட்டை அப்படியே வண்டியில் வைத்தார்.

"இன்னாம்மா, கெட்டுப்போன மீன வறுத்துக் குடுக்கற?"

"ஐய, மீன் இல்ல சார், காத்து!"

அவர் நம்பவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் அவரோடு நடையைக் கட்டினார்கள்.

டெபோராவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மகள் அனிஷா மூச்சு இளைப்பு வந்து அவதிப்படுவதும் இந்தக் காற்றால்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதிகாரிகளுக்கு எத்தனையோ முறை போன் போட்டாயிற்று. அவர்கள் வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறிவிடும். "இப்ப ஒண்ணும் வாடை இல்லையே" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

எதிரே டீக்கடை வைத்திருந்த சாபிராதான் ஓர் அறிவிப்பைப் போனில் பார்த்தாள். ஆலைகளை ஒட்டி வாழ்கிறவர்கள் தங்கள் காற்றையும் தண்ணீரையும் காத்துக்கொள்ள ஓர் அறக்கட்டளை நிதி கொடுக்கிறதாம். தமிழிலேயே விண்ணப்பிக்கலாமாம். இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்கள். தெருவுக்குக் காற்றின் மாசை அளக்கும் கருவிகள் வேண்டும், அளவைக் காட்டும் மின்பலகை ஒன்று வேண்டும்.

டெபோராவின் கணவன் மேத்யூவுக்கு இது பிடிக்கவில்லை. அவன் அதே ஆலையில் மூட்டை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளி.

"இதுல என் பேரு அடிபட்டுச்சுன்னா கேட்லயே நிறுத்திடுவான். நமக்கு சோறு போடறது அந்த கம்பெனிதான்மே."

"கம்பெனிய இழுத்து மூடுன்னா சொல்றேன்? இன்னிக்கு காத்து எப்பிடி கீதுன்னு தெரிஞ்சிக்கணும். அவ்ளோதான்யா."

முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பதிவு செய்த சங்கத்துக்குத்தான் நிதி தர முடியும் என்றார்கள். சங்கம் பதிய ஏழு பேராவது வேண்டும். அடுத்த முறை விண்ணப்பம் கேட்பதற்குள் டெபோரா வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். கடைசி நேரத்தில் பூமாரி பின்வாங்கினாள். அவள் கணவனுக்கும் ஆலையில்தான் வேலை. ஆறு பேரோடு வேலை நின்றது.

அந்த வாரம் பள்ளி விடும் நேரத்தில் நெடி வந்தது. ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த மேத்யூ, தெருமுனையில் மகள் மூச்சு வாங்க முடியாமல் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அவளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினான். டெபோரா அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோவை மறித்தாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்த பிறகு அனிஷாவின் மூச்சு மெல்லச் சீரானது.

"ஏழு பேரு சேந்துட்டாங்களா?" என்று கேட்டான் மேத்யூ.

"எங்க? பூமாரி கழண்டுகிச்சு."

"என் பேர எழுதிக்க."

"கேட்ல நிறுத்திடுவான்னு சொன்ன?"

"நிறுத்தனா அப்பால பாத்துக்கலாம். இவள தூக்கிக்கினு வர்றப்ப எனக்கு கம்பெனி நெனப்பே வர்ல."

டெபோரா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சங்கம் பதிவானது. விண்ணப்பம் போன பிறகு அறக்கட்டளைக்காரர்கள் வீடியோவில் பேசினார்கள். "கருவி காட்டும் அளவை வைத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் ஓர் அம்மையார்.

"மோசமா இருந்தா புள்ளைங்கள வெளிய உடமாட்டோம். மூச்சு பிரச்சின கீறவங்களுக்கு ஒடனே சொல்லுவோம். அதிகாரி வந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடி இவ்ளோ இருந்துச்சுன்னு காட்டுவோம்." டெபோரா மேலும் சொன்னாள்: "என் மீன் மேலயும் எவனும் பழி போட முடியாது." அந்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. கருவிகள் வந்தன, மின்பலகை வரவில்லை. அதற்குப் பதிலாக சாபிரா தன் மொட்டை மாடியில் ஒரு கொடிக்கம்பம் நட்டாள். காற்று நன்றாக இருந்தால் பச்சைக் கொடி, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு.

கேட்டில் தன்னை நிறுத்துவார்களோ என்று பார்த்துக்கொண்டேதான் மேத்யூ பல நாள் வேலைக்குப் போனான். ஒரு காலையில் சூப்பர்வைசர் அவனைத் தனியாக அழைத்தார்.

"உங்க தெருவுல இன்னாமோ கொடி கட்டிக்கீறீங்களாமே?"

"ஆமா சார்."

"இன்னிக்கு இன்னா கலரு? என் வூடும் அந்தாண்டதான்."

நெடி அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் புகார் கொடுத்தால் அதிகாரி கருவியின் அளவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஒரு முறை ஆலைக்குள் போய்ச் சோதனையும் செய்தார். அதன் பிறகு சிவப்புக் கொடி ஏறும் நாட்கள் குறைந்திருக்கின்றன. பூமாரியும் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள்.

போன மாதம் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் இருந்து நான்கைந்து பெண்கள் டெபோராவைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊர் ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து, வலையில் மீன் விழுவதே நின்றுவிட்டது.

"எங்களுக்கும் ஒரு மனு எழுதிக் குடுக்கா."

"நான் எழுதினா என் தெரு கதை மாதிரிதான் வரும். உங்க கதைய நீங்களே எழுதுங்க, நான் கூடவே கீறேன்" என்றாள் டெபோரா. எழுத உட்கார்ந்தபோது சாபிராவின் பெஞ்சில் இடம் போதவில்லை. இரண்டு பேர் தண்ணீர்க் குடங்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.