மஞ்சள் படங்கு நின்ற வளைவு

மச்சானின் காலை உடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் வளைவில் ஒழுங்காகத் திரும்பக் கற்றுக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மச்சான் என் தங்கையின் கணவர். இலங்கை மலைநாட்டில் ராகலைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். இருவருக்கும் மோட்டார் சைக்கிள் ரேஸ் என்றால் பைத்தியம். அதற்கு முந்திய வருடம் சேற்று ரேஸின் கடைசி வளைவில் அவர் உள்பக்கமாகப் புகுந்து என்னை முட்டித் தள்ளினார். தோள் எலும்பு முறிந்து வாய் நிறையச் சேற்றோடு கிடந்தேன். பின்னால் வந்தவனின் சக்கரம் என் கைமேல் ஏறிப் போனது. பிறகு மச்சான் கோப்பையோடு வந்து, "வளைவுல தூங்குனா இப்பிடித்தான்" என்று சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்க, மறு கையால் அவர் மூக்கை உடைத்தேன். அவர் ரத்தத்தைத் துடைத்துவிட்டு என் முறிந்த தோளிலேயே குத்தினார். அன்றோடு பேச்சு நின்றது.

நடுவில் கிடந்து தவித்தது தங்கைதான். ஒருநாள் என்னிடம் வந்து, அடித்துக்கொள்வதை விட்டுவிட்டு அந்த வளைவில் அவரை முந்திக் காட்டுங்கள், அப்போதுதான் அந்த வாய் அடங்கும் என்றாள். சரி என்றேன். என் மனதில் இருந்தது வேறு.

தேயிலை பிடுங்கிய ஒரு மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினேன். விழுந்தேன், மறுபடி விழுந்தேன். முழங்கால் தோல் உரிந்தது, ஹேண்டில் குத்தி விலா வீங்கியது. ஆத்திரத்தில் பைக்கை எட்டி உதைத்து என் கால் நகத்தைத்தான் பெயர்த்துக்கொண்டேன். தங்கை போனில் எடுத்த வீடியோவைப் பார்த்த பிறகே பிழை தெரிந்தது. சின்ன வயதிலிருந்து சரிவில் நடந்த உடம்பு, பயந்தால் மலைப்பக்கம் சாய்ந்துகொள்ளும். பைக்கிலும் அப்படியே உள்பக்கம் சாய்ந்திருக்கிறேன், சக்கரம் வழுக்கியிருக்கிறது. சாய வேண்டியது பைக், நான் அல்ல. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். டேங்கை ஒட்டி உட்கார்ந்து, உள்பக்கக் காலை முன்னால் நீட்டி, உடம்பின் பாரத்தை வெளிப்பக்கக் காலில் இறக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கண் முக்கியம். கண் போகிற இடத்துக்குத்தான் பைக் போகும். அதனால் வளைவு முடிகிற இடத்தில் தங்கை நிற்பாள். கொழுந்து பறிக்கும்போது நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற மஞ்சள் படங்கை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருப்பாள். நான் சக்கரத்தைப் பார்த்தால் திட்டுவாள். மூன்று மாதத்தில் விழுவது நின்றது.

ரேஸ் அன்று மழை. அதே கடைசி வளைவின் முடிவில் அவள் படங்கோடு வந்து நின்றாள். மச்சான் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அன்று போல் நான் ஒருநாளும் திரும்பியதில்லை. உடம்பு மலைப்பக்கம் சாயவில்லை, சக்கரம் மண்ணை விடவில்லை. உள்பக்கத்தில் முந்திப் போக வழியும் இருந்தது. நான் சேற்றுக்கு மேல் நீண்டிருந்த மச்சானின் இடது காலைப் பார்த்தேன். பைக் நேராக அங்கே போனது. எஞ்சின் இரைச்சலையும் மீறி எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் அலறும்வரைதான்.

எல்லோரும் அதை விபத்து என்றார்கள். மச்சானும் நம்பினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழையில நீங்க என்னா செய்வீங்க மச்சான். ஆனா நல்லாத்தான் திரும்புனீங்க" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

தங்கை என்னை வெளியே கூட்டிவந்தாள். அழவில்லை.

"நான் படங்கத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு அங்கயேதான் நின்னேன். நீங்க என்னையப் பாக்கவே இல்லயேண்ணே."

அவரிடம் அவள் இதுவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மச்சான் இப்போது இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், அன்றைக்கு நான் அந்த வளைவில் திரும்பிய அழகைச் சொல்லிச் சொல்லி மெச்சுகிறார். அவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.