தூக்கிப்போடாத வண்டி

பிக்கப் வண்டி வாங்குகிறவர்கள் யாரும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்து வாங்குவதில்லை. நானும் பார்க்கவில்லை. நான் ஓய்வு பெற்றபோது மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மறுமாதமே ஐந்து பேர் உட்காரும் கேபினும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள ஒரு பழைய வண்டியைப் பிடித்தேன். டெல்லி மண்டியிலிருந்து தேங்காயும் வாழை இலையும் ஏற்றி, முனிர்காவிலும் கரோல் பாகிலும் இருக்கிற நம் ஊர் மெஸ்களுக்குப் போட்டேன். முப்பத்தைந்து வருடம் மத்திய அரசில் கோப்பு தள்ளியவனுக்கு இந்த வயதில் தேங்காய் வியாபாரமா என்று கேட்டவர்களிடம், பொழுது போகவில்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான். வீட்டில் இருந்தால் பேச ஆள் கிடையாது. மெஸ்ஸில் மூட்டை இறக்கினால், "என்ன சார், இன்னைக்கு லேட்டு?" என்று ஒருவராவது கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே சில நாள் வேண்டுமென்றே தாமதமாகப் போயிருக்கிறேன்.

என் ஒரே மகள் நொய்டாவில் இருந்தாள். மாப்பிள்ளை லக்னோ பக்கத்துக்காரர், நல்ல மனிதர். அவளுடைய மாமியாரும் அவர்களோடுதான் இருந்தார். மகள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் ஸ்கேனுக்கு நான்தான் கூட்டிப் போனேன். முன்சீட்டு பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்று பின்னால் ஏறிக்கொண்டாள். டெல்லியில் வேகத்தடைக்குக் கணக்கு வழக்கே இல்லை. வீட்டுக்கு வீடு அவனவன் வாசலில் ஒன்று போட்டு வைத்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் பின்பக்கம் எகிறி விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏழாம் மாதம் மாமியார் வீட்டில் அவர்கள் வழக்கப்படி வளைகாப்பு மாதிரி ஒரு விசேஷம் வைத்தார்கள். நான் கரோல் பாகில் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு போனேன். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் மகளிடம் சொன்னேன். "தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதாம்மா. அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ப்பா, உங்க வண்டி ரொம்பத் தூக்கித் தூக்கிப் போடுது. ஜட்கா, குலுக்கல் ஆகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அங்க வந்தா செக்கப்புக்கெல்லாம் அதுலதானே போகணும்?" என்றாள்.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கு எங்கள் தமிழ் ஓரளவு புரியும். எங்கள் காரை உங்களிடமே விட்டுவிடுகிறோம் அங்கிள் என்று அவர் இந்தியில் சொல்ல ஆரம்பித்ததும், அவள் முந்திக்கொண்டாள். அப்பாவுக்குத் தன் வண்டிதான் சரிப்படும், வேறு எதையும் தொட மாட்டார் என்றாள். என் குணம் என் மகளுக்குத்தான் தெரியும் என்று எனக்கு ஒரே பெருமை. மரமண்டை.

"அப்ப வண்டியச் சரி பண்ணிட்டா வருவேல்லா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்ப்பா."

ஒரு குமாஸ்தாவின் காதில் 'பார்க்கலாம்' என்பது பாதி அனுமதி. மறுநாளே ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'பொருள்: பின்பக்கக் குலுக்கல்' என்று எழுதிக் கோடு போட்டேன். அந்த ஒரு மாதம்போல் நான் சந்தோஷமாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது.

முதலில் அவசரப்பட்டேன். விளம்பரத்தைப் பார்த்து, 'ஹெவி டியூட்டி' ஷாக் அப்சார்பர் இரண்டு வாங்கி மாட்டினேன். கனமானது என்றால் நல்லது என்று நினைப்பவன் நான். அலுவலகத்தில்கூடத் தடித்த கோப்புக்குத்தான் மரியாதை. வண்டி முன்னைவிட முரடாகிப் போனது. அதன்பிறகுதான் கரோல் பாக் பின்சந்தில் வண்டிக்கு அடியிலுள்ள ஸ்பிரிங் பட்டைகளுக்கென்றே பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், தாடிக்காரர். எல்லாரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட்டார்கள். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாபுஜி, டெண்டர் விடப் போகிறீர்களா?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். பிறகு லோடு எவ்வளவு என்றார்.

"என் மகள்," என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்து அவர் விளக்கியது இவ்வளவுதான். பின் அச்சின் மேல் வில்போல வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு டன் ஏற்றினால்தான் அவை வளைந்து கொடுக்கும். வெறும் வண்டிக்கு அவை வளையவே வளையாது. ரோடு கொடுக்கிற அடியை அப்படியே மேலே அனுப்பிவிடும். தன்னிடம் வருகிறவன் எல்லாம் இன்னும் ஒரு பட்டை சேர்க்கத்தான் வருகிறான், குறைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை என்றார்.

என்னைப் பின்சீட்டில் ஏறச் சொல்லி அவரே ஓட்டினார். என் வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சந்து முனையிலிருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியபோது என் முதுகெலும்பு கழுத்து வரைக்கும் பேசியது. இதிலா அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனேன் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. உஸ்தாத் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, அடியிலுள்ள தடித்த பட்டைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் காற்றடைத்த ரப்பர் பலூன்களை வைப்பது. தேங்காய் ஏற்றும் நாளில் காற்றை ஏற்றிக்கொள்ளலாம், மகள் வரும் நாளில் இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, பட்டைகளை மட்டும் கழற்றிவிட்டுச் சும்மா விடுவது. மெத்தென்று இருக்கும், ஆனால் பாரம் ஏற்றக்கூடாது. நான் மூன்று நாள் நோட்டில் சாதக பாதகம் எழுதினேன். பலூன் நல்ல யோசனைதான். ஆனால் காற்று என்றைக்காவது இறங்கிவிட்டால்? வலி எடுத்து அவளை ஏற்றிக்கொண்டு போகிற வேளையில் இறங்கினால்? அந்த ஒரு கேள்வியில் என் பேனா நின்றுவிட்டது.

"பட்டையைக் கழற்றிவிடுங்கள். பலூன் வேண்டாம்," என்றேன்.

"அப்புறம் தேங்காய்?"

"தேங்காய் வேண்டாம்."

மெஸ்காரர்களிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஒருவர் வருத்தப்பட்டார், மற்றவர்கள் மறுநாளே ஆள் பிடித்துவிட்டார்கள். உஸ்தாத் பட்டைகளைக் குறைத்து, மிச்சமிருந்தவற்றுக்கு நடுவே மசகு தடவி, தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றினார். நான் வாங்கிய முரட்டு ஷாக் அப்சார்பரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இளகலான ஜோடி ஒன்றை மாட்டினார். டயரில் லோடுக்கு அடித்திருந்த காற்றையும் குறைத்தார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பிப் பின்சீட்டின் கப் ஹோல்டரில் வைத்துக்கொண்டு நெல்சன் மண்டேலா சாலையில் போய் வந்தேன். சிந்தியது ஒரு வாய்த் தண்ணீர்தான். போனில் மகளிடம் சொன்னபோது, "நிஜமாவாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாள். சந்தோஷத்தில் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சும்மா ஒரு ரவுண்டு வந்து பாரு. பிடிக்கலேன்னா வேண்டாம்," என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். பின்சீட்டில் தலையணை போட்டு வைத்திருந்தேன். ஏறினாள். காளிந்தி குஞ்ச் பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன வயதில் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டே தூங்குவாளே, அதே வாய். எத்தனையோ வேகத்தடை வந்தது, அவள் கண் திறக்கவில்லை. எனக்கு ஹாரன் அடித்து ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

முனிர்காவில் என் வீட்டுக்கு வந்ததும் மெதுவாக மாடி ஏறினாள். பாத்ரூம் போனாள். அம்மாவின் பீரோவைத் திறந்து பார்த்து மூடினாள். சமையலறையில் ஒற்றைத் தட்டும் ஒற்றை டம்ளரும் கவிழ்த்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ப்பா, வண்டி அச்சா இருக்கு. ஒரு ஜட்காகூட இல்ல."

"அப்ப எப்ப வாரே?"

"நான் பொய் சொன்னேன்ப்பா. வண்டி ரீசன் இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "டெலிவரி முடிஞ்சா என்னென்னமோ ஆகும். பிளீடிங் இருக்கும். பால் கட்டும். ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா அம்மாவா இருந்தா எழுப்பிடுவேன். உங்கள எழுப்பி நான் என்னன்னு சொல்லுவேன்? எனக்கு ஷரமா, கூச்சமா இருக்கும்ப்பா. உங்களுக்கும்தான். அங்க அவங்க மம்மி இருக்காங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். நான் ஒரு மாதமாக அந்தச் சோற்றை ருசித்துத் தின்றிருக்கிறேன். வண்டியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். பிரசவம் ஆன பெண்ணுக்கு என்ன கொடுக்க வேண்டும், யார் குளிப்பாட்டுவார்கள், யாரிடம் அவள் வாய்விட்டு அழுவாள் என்று ஒரு வரி எழுதவில்லை. இதெல்லாம் அவள் அம்மா பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. இல்லாதவளின் பங்கை அப்படியே அவள் பேரிலேயே விட்டுவைத்திருந்தேன். மனைவி போன அன்றைக்குக்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்றைக்கு மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா," என்றேன். "முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க ரொம்ப குஷியா இருந்தீங்கப்பா."

அவளுக்கு மோர் கொடுத்தேன். ஒற்றை டம்ளரில்தான் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கழுவி வைத்தாள். கிளம்பினோம்.

திரும்பும்போது அவள் தூங்கவில்லை. நான் தேவைக்கு மேல் மெதுவாகத்தான் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு வேகத்தடையையும் பார்த்துப் பார்த்து ஏறி இறங்கினேன். நேரு பிளேஸ் தாண்டியதும் அவளுக்குப் போன் வந்தது. இந்தியில், வந்துகொண்டே இருக்கிறேன் மம்மி என்று சிரித்துப் பேசினாள். பிறகு முன்னால் குனிந்து என் தோளில் கைவைத்தாள்.

"ப்பா, கொஞ்சம் ஜல்தி போங்க. எனக்காக அங்க எல்லாரும் சாப்பிடாம காத்துட்டிருக்காங்க."

மிதித்தேன். எந்தக் குலுக்கலும் இல்லாமல், அவ்வளவு சீக்கிரம் நொய்டா வந்துவிட்டது.