அடுக்களைக்குப் பின்னால் ஒரு வயல்

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது. பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த அத்தனை வீட்டின் சொந்தக்காரர்களும் இதில் மட்டும் ஒரே கட்சி. கடைசி வீட்டில் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அதையும் வீட்டுக்கார அம்மா வந்து ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். சொந்த வீடு கட்டாமல் சாகமாட்டேன் என்று அன்றைக்குத்தான் கணவரிடம் கத்தினேன்.

டவுனுக்குள் இடம் வாங்க எங்கள் இருவர் சம்பளமும் காணாது. கைக்கு எட்டியது சீவலப்பேரி ரோட்டில், நெல் விளைந்த வயலில் போட்டிருந்த மனைகள்தான். மனை விற்கிறவர்கள் வேனில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, எல்லைக்கு நட்ட மஞ்சள் கல்லைக் காட்டினார்கள். எங்களுடையது ஓரத்து மனை. அதற்குப் பின்னால் கதிர் வாங்கி நின்ற ஒரு வயல். பச்சையைப் பார்த்துக்கொண்டே சமைக்கலாம் என்று எனக்கு ஒரே ஆசை. என் காலுக்குக் கீழே இருந்ததும் வயல்தான் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய அன்று அந்த வயல்காரர் வந்து நின்றார். ரோட்டோர வாய்க்காலிலிருந்து அவர் வயலுக்குத் தண்ணீர் எங்கள் மனை ஓரமாகத்தான் போகவேண்டும். மனை போட்டவர்கள் அந்த வழியை மண்ணடித்து மூடிவிட்டார்கள்.

"எம்மா, ஓரத்துல ரெண்டடி மட்டும் விட்டுக் கெட்டுங்க. தண்ணி வரலேன்னா எனக்குப் பொழப்பு இல்ல," என்றார்.

கொத்தனார் சிரித்தார். "இருக்கதே கையகல இடம் அண்ணாச்சி. அதுலயும் ரெண்டடிய விட்டா அடுக்களைக்குள்ள ஆள் திரும்ப முடியாது."

கணவர் என்னைப் பார்த்தார். விட்டுவிடுவோம் என்றேன். நான் பெரிய தர்மவதி என்று யாரும் நினைக்கவேண்டாம். வீடு கட்டும்போது ஒருவருடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளப் பயம், அவ்வளவுதான்.

வீடு எழும்பியது. அடுக்களைக்குள் ஃப்ரிட்ஜ் நுழையாமல் ஹாலில் நின்றது. வந்தவர்கள் எல்லாரும் ஏனென்று கேட்க, சொல்லிச் சொல்லி எனக்கே கொஞ்சம் பெருமை ஏறிவிட்டது. மழை விழுந்து பிசானப் பருவம் வந்ததும் வயல்காரர் நாற்று நட்டார். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தோசை சுட்டேன். ஏதோ நானே விளைவித்த மாதிரி, காலையில் அந்தப் பயிரைப் பார்க்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

அறுப்பு முடிந்து நெல் தாள் காய்ந்து கிடந்தபோது ஒரு கார் வந்தது. இறங்கியவர்கள் வயலை டேப் பிடித்து அளந்தார்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வயல்காரரேதான். வந்த கோபத்தில் அடுப்பை அணைக்காமலே பின்வாசலுக்குப் போனேன்.

"என்ன அண்ணாச்சி, வித்துட்டீங்களா? ஒங்க தண்ணிக்காகத்தான அடுக்களையச் சுருக்கிக் கெட்டுனோம்!"

டேப்பைக் கீழே போட்டுவிட்டு அருகே வந்தார்.

"தண்ணிக்கு ஒரு கொறையும் இல்லம்மா. எம் மக டவுனுல வாடகைக்கு இருக்கா. பிள்ளைய ஓடியாட விடக்கூடாதுன்னு வீட்டுக்காரம்மா சத்தம் போடுதாளாம். இதுல ஒரு மனைய அவளுக்குன்னு கேட்டு வாங்கிட்டேன். ஒங்க வீட்டப் பாத்த அன்னைக்குத்தான் அவளுக்கு இந்த ஆச வந்தது."

நீங்க இருக்கதும் வயல்தான என்று குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு கேட்டிருப்பேன். அவரோ நன்றி சொல்வதுபோலச் சொன்னார். அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் திரும்பினேன்.