பஞ்சக்கா உட்கார்ந்து பார்த்த நாற்காலி

பஞ்சக்காவைப் போலப் பொறாமைப்பட யாராலும் முடியாது. மற்றவர்களுக்குப் பொறாமை வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள், முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அக்கா நேராகவே சொல்லிவிடுவாள். "எனக்கு வயிறு எரியுதுடி" என்பாள், காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

எங்கள் கம்பெனி மெத்தை செய்கிறது. மெத்தைக்குள் போகிற பஞ்சு, நுரை, ஸ்பிரிங் கம்பி, மேலே தைக்கிற துணி எல்லாவற்றையும் வாங்கிப் போடுகிற பிரிவுக்கு அக்காதான் தலைவி. பஞ்சு குடோனில் மூட்டைக்கு நம்பர் எழுதுகிற பெண்ணாக வேலைக்கு வந்தவள். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு போகவே இல்லை. மேசை, விளக்கு, துடைப்பம் என்று கம்பெனிக்குள் எது வருவதானாலும் அவள் பார்த்து வாங்கினதாகத்தான் இருக்கும்.

நானும் அதே அறையில்தான் உட்கார்கிறேன். முதலாளிக்குக் கடிதம் தட்டச்சு செய்வேன். டைரக்டர்கள் கூடும்போது மாடிக்குப் போய், சுவரோரம் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் குறிப்பெடுப்பேன். அந்தக் கூட்ட அறை எங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. கூட்டம் முடிந்து நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டால் அக்கா மேலே பார்த்து, "எழுந்துட்டாங்க மகராசனுங்க" என்பாள். அவளையும் நடுநடுவே கூப்பிடுவார்கள். கேட்டதற்கெல்லாம் நின்றுகொண்டே பதில் சொல்வாள். "சரி, போங்கம்மா" என்றதும் இறங்கி வருவாள். உட்காருங்கள் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் என்றால், முதலாளி, அவருடைய தம்பி, கூடப் படித்த நண்பர், குடும்ப டாக்டர், அப்புறம் முதலாளியின் மச்சான். இந்த மச்சான் உட்கார்ந்த சூட்டிலேயே தூங்கிவிடுவார். மெத்தைக் கம்பெனியில் அதுவும் ஒரு தகுதி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சட்டம் வந்தது. எங்களை மாதிரிக் கம்பெனிகளில் டைரக்டர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டுமாம். சாப்பாட்டு அறையில் அன்று இதே பேச்சு.

"இதெல்லாம் அதிகப்படி" என்றார் ஸ்டோர்க்காரர். "திறமை இருந்தா தானா மேல வந்துட்டுப் போறாங்க. சட்டம் போட்டா தூக்கி உட்கார வைக்கணும்?"

"மச்சான் எந்தத் திறமையில மேல போனாருண்ணே? லிஃப்டுலயா?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "கதவைத் தட்டித் தட்டி எங்க கை வீங்கிப் போச்சு. இப்பதான் வெளியில இருந்து ஒருத்தன் உதைச்சிருக்கான். உதைக்கட்டும், விடுங்க."

சில நாளில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

"கூட்ட அறைக்கு இன்னொரு நாற்காலி வேணும்மா. ஒரு லேடி உட்காரப் போறாங்க. கிட்டத்தட்ட உங்க உயரம்தான். நீங்களே உட்கார்ந்து பார்த்து வாங்கிடுங்க." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

இதைக் கேட்டு வேறு என்னத்தை நினைப்பது? அக்காவும் நினைத்தாள், நானும் நினைத்தேன். எனக்கு வயிறு எரிந்தது. நேற்றுவரை என் டப்பாவில் கையை விட்டுத் தின்றவள் நாளைக்கு மேலே உட்காருவாள், அவள் பேச்சை நான் சுவரோரம் குனிந்து எழுத வேண்டும். ஆனாலும் மச்சான் பேச்சை எழுதுவதற்கு இது தேவலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் குறட்டையை எப்படி எழுதுவது என்பதே எனக்குப் பெரிய பாடு.

அக்கா கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள், பிறகு உதட்டைப் பிதுக்குவாள். மூட்டையைப் புரட்டிப் புரட்டி நம்பர் எழுதின காலத்தில் அவளுக்கு இடுப்புக்கு மேலே ஒரு வலி வந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அந்த இடத்தைத் தாங்குகிற நாற்காலி எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் செய்யச் சொல்லிவிட்டாள். முதுகு வளைகிற இடத்தில் எங்கள் கம்பெனியின் உயர்ந்த நுரை. கைப்பிடி அவள் முழங்கை உயரத்துக்கு. காலுக்கு ரப்பர் சக்கரம். "நான் எழுந்தா உனக்குக் கீழ சத்தமே கேட்காதுடி" என்றாள்.

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். அவரிடம் ஒன்றைச் சொன்னால் பஸ் போகிற ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. நாத்தனார் அன்றைக்கே போன் போட்டுவிட்டாள். "அண்ணி, இனிமே எங்களையெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியுமா?" அவள் வயிறு எரிகிற வாசனை போனிலேயே வந்தது என்று அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

கூட்டத்தன்று அக்கா புதுத் துணி உடுத்தி, புதுச் செருப்பு போட்டு வந்தாள். மாதிரிக்கு வந்து மேசையில் கிடந்த நுரைத் துண்டுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் குறிப்பேட்டோடு மாடிக்குப் போனேன். அந்த நாற்காலியில் முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. கீழே வந்தபோது அக்கா எழுந்து நின்றாள்.

"யாருடி?"

"மேடம்க்கா."

"எந்த மேடம்?"

"முதலாளி வீட்டு மேடம்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "என் நாற்காலியிலயா?"

அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தைக் கொளுத்த வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். "கதவை உதைச்சது சரி. உள்ள இருக்கறவன் தன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்திட்டானே!" நாத்தனார் மறுபடி போன் செய்தாள். குரலில் தேன் சொட்டியது. "விடுங்க அண்ணி, நமக்கு எதுக்கு அதெல்லாம்?" அக்கா போனை வைத்துவிட்டு ஒரு நுரைத் துண்டைப் பிய்த்துப் போட்டாள்.

மேடம் கெட்டவர் என்றால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவர் நல்லவர், அதுதான் தொல்லை. அந்த நாற்காலியில் அவருக்குச் சரியாக உட்கார முடியவில்லை. அக்காவைத் தாங்குகிற மேடு அவரைக் குத்தியது. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அக்காவைக் கூப்பிடுவார். அக்கா ஸ்பேனரோடு போய் மண்டியிட்டுத் திருகுவாள். அப்போது மேடம் குனிந்து, "இன்னைக்கு என்னம்மா பேசுவாங்க? எனக்கு ஒண்ணும் புரியல" என்று கேட்பார்.

சொல்லாமல் இருக்கலாம் அல்லவா? அக்காவால் முடியாது. தெரிந்ததைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "கம்பி விக்கிறவனுக்கு விலை ஏத்திக் கொடுக்கணும்பாங்க. போன தடவை ஏத்தினதே இன்னும் எதுக்குன்னு தெரியல, கேளுங்க" என்பாள். மேடம் கேட்பார். மேசையில் இருக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மச்சானே ஒருமுறை கண் விழித்துவிட்டார். கம்பி விலை இறங்கியது, மேடம் புகழ் ஏறியது. ஒரு பத்திரிகையில் அவர் படம் வந்தது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி. கேள்வி கேட்கத் துணிந்த பெண்மணி என்று கீழே போட்டிருந்தார்கள்.

அக்கா படத்தை வெகு நேரம் பார்த்தாள். "நாற்காலி நல்லா விழுந்திருக்கு" என்றாள். "வயிறு எரியுதுடி. இதுவரைக்கும் எரிஞ்சதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

பிறகு மச்சான் உடம்பு முடியாமல் விலகிக்கொண்டார். மேலே ஓர் இடம் காலியானது. இந்த முறை அக்கா போன் வரும் என்று காத்திருக்கவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனாள். நான் கதவருகே கடிதக் கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"சார், அந்த இடத்துக்கு என்னைப் போடுங்க."

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அதான் ஒரு லேடி இருக்காங்களேம்மா? சட்டம் ஒண்ணுதானே கேட்குது?"

"இது லேடி இடம் இல்ல சார். உங்க மச்சான் இடம்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். அது ஜென்ட்ஸ் இடம்."

அந்த இடத்துக்கு முதலாளி தம்பியின் மாப்பிள்ளை வந்தார். நுரைக்கும் பஞ்சுக்கும் வித்தியாசம் கேட்டால் கூகுளைப் பார்க்கிற பையன்.

அடுத்த கூட்டத்தில் மேடத்துக்கு மறுபடி குத்தியது. எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. அக்கா வந்து திருகினாள், மறுபடி திருகினாள்.

"இன்னும் குத்துதும்மா. நீங்களே உட்கார்ந்து பாருங்களேன்" என்று மேடம் எழுந்து நின்றார்.

அக்கா உட்கார்ந்தாள். கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. இடுப்புக்கு மேலே அந்த வலி இருக்கிற இடம் நுரையில் போய்ப் பதிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் முதுகு அவ்வளவு நேராக இருந்து நான் பார்த்ததில்லை. மேசையைச் சுற்றி ஆண்கள், நடுவே அவள், பக்கத்தில் நின்றபடி மேடம்.

"சரியாதான் இருக்கு மேடம்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் குத்துது?"

"இது என் முதுகுக்குச் செஞ்சது மேடம். நான்தான் உட்காரப் போறேன்னு நெனச்சு."

முதலாளி கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். மாப்பிள்ளை இருமினார். மேடம் முகம் சிவந்துவிட்டது. அக்கா எழுந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நாற்காலி சரிபார்க்கப்பட்டது என்று நான் குறிப்பில் எழுதினேன்.

மேடம் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார். "அவங்க நாற்காலியை அவங்களுக்கே கொடுத்துடுங்க. நான் வேற வாங்கிக்கிறேன்." எல்லோரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். அந்த அறையில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

நாற்காலி கீழே வந்தது. மேடமும் கூடவே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப சந்தோஷமா?" என்றார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது. "ரொம்ப நன்றி மேடம்" என்றாள் அக்கா. அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் அந்த நாற்காலி மேல்தான் கண். என்னுடையது உட்கார்ந்தால் கீச்சிடும், எழுந்தால் சாயும். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அதில் உட்காரவே இல்லை. அதன் மேல் நுரைத் துண்டுகளை அடுக்கி வைத்தாள். ஏன் உட்காரவில்லை என்று ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"நீ உட்காருடி" என்று துண்டுகளை எடுத்துக் கீழே வைத்தாள். உட்கார்ந்தேன். அடடா, அப்படி ஒரு சுகம்.

"உங்க நாற்காலி உங்களுக்கே வந்துடுச்சேக்கா. இன்னும் என்ன?"

மேலே கூட்டம் முடிந்து நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அக்கா அண்ணாந்து பார்த்தாள்.

"நாற்காலி வாங்குறதே என் வேலைடி. எனக்கு நாற்காலியா வேணும்?"