பாய்லர் அக்காவும் எங்கள் கைகளும்

கொடைக்கானலில் நான் ரிசப்ஷனில் வேலை பார்த்த ஹோட்டலில் தினமும் பதினோரு மணிக்கு மீட்டிங். சமையலறைக்குப் பின்னால் நின்றுகொண்டு மேனேஜரின் மூஞ்சியைப் படிப்போம், அவ்வளவுதான். டீயை வாங்கிக் குடித்தாரென்றால் நல்ல நாள். குடிக்காமல் டம்ளரை மேடையில் வைத்துவிட்டால் யாருக்கோ கேடு. எட்டுப் பேரும் அந்த டம்ளரையே பார்ப்போம். கருமம், அதற்குப் பெயர் டீம்!

அன்றைக்கு டம்ளர் மேடையில் இருந்தது. காலையில் ஒரு குடும்பம் குளிக்க வெந்நீர் வரவில்லை என்று கத்திவிட்டுக் காலி செய்து போயிருந்தது. போகிற வழியிலேயே எங்களைக் கிழிகிழியென்று கிழித்துப் போனில் ரிவ்யூ எழுதியும் போட்டுவிட்டது.

வெந்நீருக்குப் பொறுப்பு மன்னவனூர் அக்கா. வெள்ளனே எழுந்து விறகு பாய்லரை மூட்டி, ஒன்பது மணிக்கு அணைப்பார். அது ஹோட்டல் வைத்த நேரம். புருஷன் இல்லை. ஹோட்டல் கொடுத்த பின்கட்டு அறையில் மகளோடு இருந்தார். மகள் இங்கே பிளஸ் டூ. வேலை போனால் அறையும் போகும். பரீட்சை நெருங்குகிற நேரத்தில் அந்தப் பிள்ளை ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். முந்தின நாள் அந்தக் குடும்பத்திடம் சாவியைக் கொடுக்கும்போது, "பத்து மணி வரைக்கும் வெந்நீர் வரும் சார், மெதுவா எந்திரிங்க" என்று பல்லிளித்தவன் நான்தான். அவர்கள் குழாயைத் திறந்தது ஒன்பதே முக்காலுக்கு.

"நானா முடிவெடுத்தேன்னு யாரும் சொல்லக்கூடாது" என்றார் மேனேஜர். "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. இந்தம்மா வேணாம்னா கை தூக்குங்க."

"ஒம்பது மணி வரைக்கும் தண்ணி கொதிச்சுக்கிட்டுதானே கெடந்துச்சுங்க சார்" என்றார் அக்கா, எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே.

முதல் கை சமையல் மாஸ்டருடையது. அக்கா ஊரிலிருந்து கொண்டுவரும் பூண்டில் தொக்கு வைத்து வழித்து வழித்துத் தின்ற கை. பிறகு ஒவ்வொன்றாக ஏறியது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லியிருந்தால் அக்காவுக்குப் பதில் நான் வெளியே போயிருப்பேன். கையைத் தூக்கினேன்.

மேனேஜர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "டீம் முடிவு, நான் என்ன பண்ண?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ச்சீ, நானும்தான்! உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இன்றைக்கும் குமட்டுவது அந்த நிம்மதிதான்.

மறுநாள் காலை அக்கா கடைசியாக ஒருமுறை பாய்லரை மூட்டினார். தினமும் முதல் வாளித் தண்ணீரை எனக்கென்று எடுத்து வைப்பது அவர் வழக்கம். நான் எழுந்து வந்தபோது மகள் புத்தகப் பையையும் பாத்திர மூட்டையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வாளி வச்சிருக்கேன். ஆறிரும், வெரசா குளிங்க."

குளித்தேன். சூடு பத்தவில்லையே என்று நடுவில் எரிச்சல்கூட வந்தது.